வீட்டில் சொன்னீர்களா?

கேள்வி: அக்கா, நான் வருவாய்த் துறை ஊழியன். நிலம் எடுப்பதை எதிர்த்து ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்கள் என் மேஜையில் இருக்கின்றன. 'ஆட்சேபணை எதுவும் வரவில்லை' என்று மேலதிகாரிகள் எழுதித் தரச் சொல்கிறார்கள். மறுத்துவிட்டு ஊர்க்காரர்களோடு உண்ணாவிரதத்தில் உட்காரலாமா என்று நினைக்கிறேன். மனைவியிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். வீட்டுக் கடன் வேறு இருவர் பேரிலும் ஓடுகிறது. மனசாட்சியா, குடும்பமா?

பதில்: தம்பி, மனுவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வரவில்லை என்று எழுதலாமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? எழுதாதீர்கள். அது முடிந்தது.

என்னை உறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடன் விஷயம்தான். வங்கியில் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாக மனைவியிடம் கையெழுத்து வாங்கினீர்களே, அன்றைக்குப் பயந்துவிடுவார் என்று தோன்றவில்லையா? கடனுக்கு மட்டும் பொறுப்பாளி, கொள்கை என்று வந்தால் குழந்தையா?

1913-இல் தென்னாப்பிரிக்காவில், கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்துப் போராடிச் சிறை போவதைப் பற்றிக் காந்தி மற்ற பெண்களிடம் பேசினார், சொந்த மனைவியிடம் மூச்சு விடவில்லை. கணவனுக்காக மனைவி சரி சொல்லிவிட்டு அப்புறம் கோர்ட்டில் நடுங்கினால் என்ன செய்வது என்று அவருக்கும் உங்களைப் போலத்தான் தயக்கம். காதில் விழுந்ததும் கஸ்தூரிபா, என்னிடம் ஏன் சொல்லவில்லை, ஜெயிலுக்குப் போக எனக்கென்ன குறைச்சல் என்று பிடித்துக்கொண்டார். அந்தச் செப்டம்பரில் மூன்று மாதக் கடுங்காவல். அதே போராட்டத்தில் வள்ளியம்மை என்ற 16 வயதுப் பெண்ணும் அம்மா மங்களமும் சிறை போனார்கள். மகள் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். இதில் இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அதனால்தான் இழக்கப்போகிறவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். உப்பெடுக்கக் கிளம்புமுன் வைஸ்ராய் இர்வினுக்கே 1930 மார்ச் 2-ஆம் தேதி கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுத்தான் காந்தி புறப்பட்டார். எதிராளிக்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வதற்குப் பேர்தான் சட்ட மறுப்பு. நீங்கள் ஒரே கூரைக்குள் இருப்பவரிடம் மறைத்துவிட்டு அதைச் செய்யப் பார்க்கிறீர்கள்.

உண்ணாவிரதப் பந்தலும் இப்போது வேண்டாம். உட்கார ஊரில் ஆள் இருக்கிறது. மனுவைக் கோப்பில் ஏற்றுகிற கை உங்களுடையது மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பதிவு செய்து, இத்தனை ஆட்சேபணைகள் வந்துள்ளன என்று குறிப்பெழுதி மேலே அனுப்புங்கள். மாற்றி எழுது என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், வாயால் மிரட்டுகிற பல பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். எல்லோரும் அல்ல. சஸ்பெண்ட் ஆனால் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியமாக வரும். அந்தக் கணக்கை இன்றைக்கு ராத்திரியே, பிள்ளைகள் தூங்கினதும், தவணைச் சீட்டை வைத்துக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள். அவர் அழலாம், திட்டலாம், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். அதற்கெல்லாம் அவருக்கு உரிமை உண்டு, கையெழுத்துப் போட்டவர் அவர்.