இணையக் கடை அப்புறம், முதலில் மேட்டரை யூனிகோடுக்கு மாற்றுங்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் சிறிய அச்சகம் நடத்துகிறேன். அப்பா காலத்தில் டிரெடில், இப்போது மினி ஆஃப்செட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும். கல்யாணப் பத்திரிகையும் மணிவிழா அழைப்பிதழும்தான் பெரும்பாலும். பாதி ஆர்டர் சென்னை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறது. ‘இணையத்திலேயே டிசைன் பார்த்து நாங்களே திருத்திக்கொள்கிற மாதிரி வையுங்களேன்’ என்று கேட்கிறார்கள். வெப்-டு-பிரிண்ட் மென்பொருள் விற்கும் ஒருவர் வந்து டெமோ காட்டினார். என்னிடம் இருப்பதோ இருபது வருட பேஜ்மேக்கர் ஃபைல்கள், எல்லாம் பழைய தமிழ் ஃபான்டில். அந்த மென்பொருளை வாங்கலாமா?

பதில்: இந்த வருடம் வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை, உங்கள் சரக்கு இன்னும் அதில் ஏற்றும் நிலையில் இல்லை.

டெமோவில் அவர் காட்டியது விசிட்டிங் கார்டாகவோ ஆங்கிலப் பிறந்தநாள் அட்டையாகவோதான் இருந்திருக்கும். அடுத்த முறை வந்தால் அவர் கணினியில் நீங்களே உட்கார்ந்து நான்கு சொற்களை அடியுங்கள்: கொத்தமங்கலம், கௌரி, ஸ்ரீ, கிங்கிணிக்கூருடையார். பிடிஎஃப் ஆக இறக்கி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திரையில் சரியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’வும் அதற்குப் பின்னால் ஒரு குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துவது எழுத்துக் கோக்கும் நிரலின் வேலை. பிரவுசர் அதை ஒழுங்காகச் செய்துவிடும். ஆனால் அச்சுக்கான பிடிஎஃப்பைப் பல தளங்களில் சர்வரில் உள்ள வேறொரு நிரல் உருவாக்குகிறது. அதற்குத் தமிழ் கோக்கத் தெரியாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். நானே ஒரு முறை இப்படி மாட்டியிருக்கிறேன். திரையில் அழகாக ஓகே ஆன அட்டை, பிளேட் (அச்சுத் தகடு) போட்டு அச்சடித்த பிறகுதான் ‘கோ’ சிதறியிருந்தது தெரிந்தது. நூறு அட்டை குப்பைக்குப் போனது.

இனி உங்கள் பழைய ஃபைல்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 1994-ல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியது. 2001-ல் வந்த 7.0-க்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை. அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் ஃபைல் திறக்கும்; அதற்குப் பிந்தைய சிசி பதிப்புகளில் திறக்காது. சிஎஸ்6 கிடைக்காவிட்டால் லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் முயன்று பாருங்கள். லேஅவுட் அப்படி இப்படி நகர்ந்து வரலாம், கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது மேட்டர், அதாவது உள்ளே அடித்திருக்கும் வாசகம்தான்.

அந்த மேட்டரில்தான் சிக்கல். பழைய தமிழ் ஃபான்ட்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறார்கள். ஃபான்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். போனில் படிக்க முடியாது, தேட முடியாது, இணையப் படிவத்தில் ஏற்ற முடியாது. எந்த ஃபான்ட் என்று தெரிந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவி பெரும்பகுதியை மாற்றிக் கொடுத்துவிடும். மாப்பிள்ளையின் படிப்பை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் மட்டும் அதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். கன்வர்ட்டர் அதையும் தமிழ் என்று நினைத்து ஏதோ ஒன்றாக்கிவிடும். மாற்றிய பிறகு ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகவும், ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்றும் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு. இருபது வருடத்தையும் மாற்ற வேண்டியதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிற பத்துப் பதினைந்து பத்திரிகை மாதிரிகள் போதும்.

மாற்றும்போது ஃபான்டையும் மாற்றிவிடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் இருப்பவை. அச்சிலும் இணையத்திலும் பயன்படுத்தத் தடையில்லை. காசு கொடுத்து வாங்கிய ஃபான்டாக இருந்தாலும் சர்வரில் ஏற்றுவதற்குத் தனி உரிமம் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் பென்டிரைவில் கொடுத்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சரி, வாடிக்கையாளர் கேட்பது? அவர்கள் ‘நாங்களே திருத்திக்கொள்கிறோம்’ என்றால் பிள்ளையார் படத்தை இழுத்து நகர்த்த வேண்டும் என்று பொருளில்லை. பெயர் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆகவே டிசைன் எடிட்டரைத் திறந்துவிடாதீர்கள். ஒரு படிவம் கொடுங்கள். இந்த விஷயத்தில் செட்டிநாட்டுப் பத்திரிகை உங்களுக்கு வாகானது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பத்திரிகையில் ஊர், கோயில், பிரிவு, விலாசம் (முகவரியல்ல, பெயருக்கு முன் போடும் குடும்ப முன்னெழுத்துகள்), பெற்றோர், முகூர்த்தம், இடம் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் வரும். ஒவ்வொன்றும் படிவத்தில் ஒரு கட்டம். கோயிலைத் தட்டச்சுச் செய்யவே விடாதீர்கள். நகரத்தார் குடும்பங்கள் பிரிந்து சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களையும் பட்டியலாக வைத்து, ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். இளையாத்தங்குடி என்றால் ஏழு பிரிவும் அடுத்த பட்டியலாக வரட்டும். எழுத்துப் பிழை பாதி அங்கேயே போய்விடும்.

லேஅவுட் செய்யும்போது நீளமான பெயரை வைத்துச் செய்யுங்கள். ‘நேமம்’ அழகாக உட்கார்ந்த கட்டத்தில் ‘பெருமருதூருடையார்’ உட்காராது. இன்னொன்று, விலாசம். ‘ராம.சித.’ ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் விழுந்தால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? விலாசத்துக்கும் பெயருக்கும் நடுவே சாதாரண இடைவெளிக்குப் பதில், வரி உடையாத இடைவெளியைப் போடுங்கள். இன்டிசைனில் அது டைப் மெனுவில் ஒயிட் ஸ்பேஸ் என்ற பகுதியில் இருக்கிறது.

இதற்குப் புதிதாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கூகுள் படிவத்தில் வரும் விவரம் தானாக ஷீட்டில் சேரும். அதை எக்செல்லில் திறந்து ‘யூனிகோட் டெக்ஸ்ட்’ என்ற வகையில் சேமியுங்கள். காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி வேண்டாம். அதில் தமிழ் பல நேரம் கேள்விக்குறியாகிவிடும். பிறகு இன்டிசைனின் டேட்டா மெர்ஜ் அந்த விவரங்களை லேஅவுட்டில் நிரப்பிக்கொள்ளும். அதற்கு முன் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்டிசைனிலும் கொம்பு இடம் மாறும். இதே முறையில் கவர் மேல் அழைக்கப்படுவோர் பெயர், முகவரியும் அடித்துக் கொடுக்கலாம். சிங்கப்பூர்க்காரர் முந்நூறு கவரில் கையால் எழுதுவதற்குப் பதில் அதற்குத் தனியாகக் காசு கொடுப்பார்.

புரூஃபை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அமுங்கிப் போகும். டாக்குமெண்டாக பிடிஎஃப் அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு ஓகே சொல்லும் ஆள் ஒருவர்தான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து ஓகே என்பார். ஊரில் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டு விலாசத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று என்பார். அந்த ஐயாவுக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். ஓகே வந்த தேதியும் நேரமும் உங்களிடம் இருக்கட்டும். விலை உயர்ந்த வெப்-டு-பிரிண்ட் மென்பொருள்களில் நிஜமாகவே பயனுள்ள அம்சம் எது என்றால், என் கணக்கில் இந்த ஒப்புதல் பதிவுதான்.

சிலர் கான்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில் தாங்களே செய்து அனுப்புவார்கள். திரை நிறமான ஆர்ஜிபியில் வரும் கருப்பை அப்படியே மாற்றினால் அது நான்கு மையும் கலந்த கருப்பாகிவிடும். மல்டிகலர் வேலையைச் சிவகாசிக்கு அனுப்பும்போது பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். எழுத்து முழுக்கக் கருப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கிறதா என்று அக்ரோபாட்டில் அவுட்புட் பிரிவ்யூ திறந்து பாருங்கள். ஓரத்தில் வெட்டுக்காகக் கூடுதலாக விடும் 3 மில்லிமீட்டர் பிளீடும் கேளுங்கள். படத்தோடு சேர்த்து ஏஐ வரைந்த தமிழ் எழுத்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைத் திருத்த முடியாது.

மற்ற மென்பொருள்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024-ல் கான்வா வாங்கி, 2025 இறுதியில் இலவசமாக்கிவிட்டது. ஆனால் தமிழ் கோப்பதில் அது நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. இறக்கினால் முதலில் அந்த நான்கு சொற்களை அடித்துப் பாருங்கள். ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழைக் கோக்கும், பழக நாளாகும். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை நினைக்கவே வேண்டாம், 2026 அக்டோபரோடு அதன் ஆதரவு முடிகிறது.

இரண்டு முகூர்த்த சீசன் இப்படி ஓட்டிப் பாருங்கள். படிவத்தில் வரும் ஆர்டரை ஆள் வைத்து நிரப்ப முடியாமல் திணறினால், அப்போது அந்த விற்பனையாளரைக் கூப்பிடலாம். அதுவரை பேஜ்மேக்கர் ஓடும் அந்தப் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதிலுள்ள ஃபான்ட் ஃபோல்டரை இன்றைக்கே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். எந்த ஃபைலில் எந்த ஃபான்ட் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.