வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு, டிரைவரை டைரக்டராக்கலாமா?

கேள்வி: ஒன்பது வருடமாக மொட்டைமாடிகளில் சோலார் பேனல் பொருத்தித் தரும் தொழில் செய்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு என் பெயரில், வீட்டு முகவரியில். போன மாதம் அடித்த காற்றில் ஒரு பேனல் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கார்மேல் விழுந்துவிட்டது. வாடிக்கையாளர் 18 லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஆட்களை வீட்டு வாசலுக்கே அனுப்பிச் சத்தம் போட வைக்கிறார். பேனல் சப்ளை செய்தவருக்கும் பெரிய பாக்கி இருக்கிறது. வீட்டை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு, என் டிரைவரையும் மாமியாரையும் டைரக்டர்களாகப் போட்டு ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தால் யாரும் என்னைத் தொட முடியாது என்கிறார் நண்பர். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பதிந்தால் பெயரே வெளியே வராது என்றும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செட்டில்மென்ட் பத்திரத்தை முதலில் நிறுத்துங்கள். கம்பெனியைப் பிறகு பார்க்கலாம்.

நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, பாக்கி நிலுவையில் இருக்கும்போது, ஒரு பைசா வாங்காமல் மனைவிக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம் நீதிமன்றத்தில் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882-இன் 53-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவோ இழுத்தடிக்கவோ செய்த மாற்றத்தை, பாதிக்கப்பட்ட கடன் கொடுத்தவர் ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். உங்கள் சப்ளையர் அப்படிப்பட்ட ஆள்தானே? வில்லங்கச் சான்றிதழில் உள்ள பத்திரத் தேதியையும் நோட்டீஸ் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே அவருடைய வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பத்திரம் பதிவாவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். தீர்ப்புக்கு முன்பே வீட்டை ஜப்தி செய்யக் கேட்டு மனுப் போடுவார்கள். சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரத்தை நீங்களே கையில் கொடுத்தது போல ஆகிவிடும்.

இப்போதைக்கு நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் ஒழுங்காகப் பதில் அனுப்புங்கள். 18 லட்சம் என்பது கேட்கும் தொகைதான். கார் ரிப்பேர் பில் எவ்வளவு, பேனலைப் பொருத்தியதில் குறை இருந்ததா என்பதெல்லாம் வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டியவை. சப்ளையரிடம் தவணை பேசி எழுத்தில் வாங்குங்கள். வாசலில் வந்து மிரட்டுகிறவர்கள் விஷயத்துக்குக் காவல் நிலையப் புகார்தான் வழி. அதற்குக் கம்பெனி எதற்கு?

சரி, கம்பெனி. இது நல்ல யோசனைதான், இனி வரப்போகும் வேலைகளுக்கு. தனி உரிமையாளராக இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் உங்களுக்கும் உங்கள் தொழிலுக்கும் வித்தியாசமே இல்லை. தொழில் கடன் உங்கள் வீட்டைத் தேடி வரும். கம்பெனி தனி ஆள். 1896-இல் இங்கிலாந்தில் சாலமன் வழக்கில் உறுதியான இந்தக் கொள்கையை நம் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதியும் எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையிலும் இதே பாதுகாப்பு உண்டு. கூட்டாளி வேண்டாம் என்றால் ஒரு நபர் கம்பெனி இருக்கிறது. ஆனால் எதைப் பதிந்தாலும் பழைய பாக்கியும் இந்த நோட்டீஸும் உங்கள் தலையில்தான் இருக்கும். தயவுசெய்து வீட்டைக் கொண்டுபோய்க் கம்பெனி சொத்தாக்கிவிடாதீர்கள். "கம்பெனி பெயரில் இருந்தால் பாதுகாப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் முதலில் கை வைப்பதே கம்பெனி சொத்தில்தான்.

இந்தப் பாதுகாப்பை உடைப்பவர் பெரும்பாலும் முதலாளியேதான். வங்கியில் கடன் வாங்கப் போகும்போது காகிதக் கட்டு ஒன்றை நீட்டுவார்கள். நடுவில் எங்கேயோ தனிநபர் ஜாமீன் பத்திரம் இருக்கும். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருவீர்கள். அந்த ஒரு கையெழுத்தோடு அந்தக் கடனைப் பொறுத்தவரை கம்பெனி என்ற மறைப்பு போய்விட்டது. கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர்கள்மேல் திவால் சட்டப்படியே நடவடிக்கை எடுக்கலாம் என்பதை 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. பிறகு வரி பாக்கி, பவுன்ஸ் ஆன செக், உங்கள் கையாலேயே நடந்த அலட்சியம் ஆகியவற்றிலும் டைரக்டரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க வழி உண்டு. கம்பெனிக் கணக்கிலிருந்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் பழக்கம் இருந்தால், "இரண்டும் ஒன்றுதான்" என்று எதிர்த்தரப்பு வாதாட அதுவே போதும்.

டிரைவர் டைரக்டர் விஷயத்துக்கு வருவோம். செக்கில் அவர் கையெழுத்து. செக் திரும்பினால் கூண்டில் ஏறுவதும் அவர்தான். மாதச் சம்பளக்காரரை அந்த நிலைமைக்குத் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. நீங்களும் தப்ப முடியாது. தொழிலை உண்மையில் நடத்துகிறவரையும் செக் வழக்கில் சேர்க்கலாம். உங்கள் பணத்தில் அவர் பெயரில் பங்கு வாங்கி மறைத்தால் அது பினாமியாகிவிடும். 2016 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஓராண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிபோகும். பங்கு ஒருவர் பெயரிலும் பலன் இன்னொருவருக்கும் என்றால், கம்பெனிகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி அதை இருவருமே கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். கம்பெனி அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சுற்றிவளைத்து 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் 90-ஆம் பிரிவின் கீழும் அதை அறிவிக்க வேண்டும். அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருக்க நேர்மையான வழி எதுவும் கிடையாது.

வயோமிங் யோசனையும் இங்கே எடுபடாது. அந்த மாநிலப் பதிவில் உரிமையாளர் பெயரைப் போட வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் நீங்கள் இந்தியாவில் குடியிருந்து, இந்திய மாடியில் வேலை செய்கிறீர்கள். வெளிநாட்டுச் சொத்தை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். காட்டாத சொத்தின் மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

வாசலுக்கு ஆள் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்றால், அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. வீட்டைப் பதிவு அலுவலகமாகக் காட்டாதீர்கள். காட்டினால் கம்பெனிப் பெயரும் முகவரியும் எழுதிய பலகையை உங்கள் கேட்டிலேயே மாட்ட வேண்டியிருக்கும். சின்னதாக ஓர் அலுவலக இடம் எடுங்கள். ஜி.எஸ்.டி., பில், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்த முகவரியும் தனிக் கைபேசி எண்ணும் இருக்கட்டும். கம்பெனிக்கு உங்கள் பெயரை வைக்காதீர்கள். டைரக்டராக உங்கள் பெயர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தெரியத்தான் செய்யும். அதை மறைக்கப் போராட வேண்டாம்.

இனி எடுக்கும் வேலைகளுக்கு மூன்றாம் நபர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பறந்துபோன பேனலுக்குக் கம்பெனியைவிட அதுதான் நேரடி மருந்து. குடும்பத்துக்கென்று ஏதாவது ஒதுக்க நினைத்தால், இந்த வழக்கும் பாக்கியும் தீர்ந்த பிறகு, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, குழந்தைகளின் நலனுக்காக உங்கள் உயிர்மேல் ஆயுள் காப்பீடு எடுங்கள். ஏமாற்றும் நோக்கமில்லாமல் எடுத்த அந்த பாலிசிப் பணத்தில் உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் பாலிசியை இதற்கு மாற்றித் தர மாட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்கும்போதே இந்தச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று தனிப் படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காமல், நீங்களே கேளுங்கள்.