அரசாங்க மானியத்தில் வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளரும் ஆடிட் கொடுக்க வேண்டுமா?

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான். தோட்டத்துப் பக்கம் ஒரு சங்கம் பாலர் பள்ளி நடத்துகிறது. அதன் கூரை, கழிப்பறை வேலைக்கு அரசாங்க மானியம் கிடைத்திருக்கிறது. அந்த வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளர் இவர். இப்போது சங்கச் செயலாளர், "உங்கள் கம்பெனி ஆடிட் ரிப்போர்ட் கொடுங்கள், இல்லையென்றால் பணம் வராது" என்கிறார். இவரோ, 750,000 டாலருக்குக் கீழே இருந்தால் ஆடிட் தேவையில்லை என்று எங்கோ படித்திருக்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நீங்கள் வேலையைச் செய்து பில் போடுகிறவர் என்றால், மானியத்துக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு பணத்தை வாங்கிய சங்கத்துடையது. ஆனால் சங்கத்தின் கணக்கை யாராவது புரட்டினால் முதலில் கையில் எடுப்பது உங்கள் பில்லைத்தான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். லைசென்ஸ் பெற்ற ஆடிட்டர் அல்ல. ஆடிட்டரிடம் போவதற்கு முன்னால் காகிதங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறவன். லோரி வைத்திருப்பவர்கள், ஜி1 என்ற ஆகச் சின்னத் தரத்துக் குத்தகையாளர்கள், கோயில் கமிட்டிகள், சின்னச் சின்னச் சங்கங்கள் என்று எல்லாரும் வருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த டாலர் கணக்கை முடித்துவிடலாம். அது அமெரிக்க மத்திய அரசின் விதி. அங்கே மாநில அரசு, நகராட்சி, பல்கலைக்கழகம், லாப நோக்கில்லாத அமைப்பு ஆகியவை ஒரு நிதியாண்டில் 750,000 டாலரோ அதற்கு மேலோ மத்திய அரசு மானியத்தைச் செலவழித்தால் 'சிங்கிள் ஆடிட்' என்ற தனி ஆடிட் செய்தாக வேண்டும் என்று இருந்தது. 2024 அக்டோபர் 1-இலோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அந்த வரம்பு 1 மில்லியன் டாலராக உயர்ந்துவிட்டது. நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் அந்த விதியில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. மானியத் திட்டத்தில் ஒரு பங்கை ஏற்று நடத்தும் துணை அமைப்பு வேறு, அந்தத் திட்டத்துக்குப் பொருளோ சேவையோ விற்கும் குத்தகையாளர் வேறு என்று அது பிரித்து வைக்கிறது. உதவி யாருக்குப் போக வேண்டும், திட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் முதல் வகை. ஊரில் பத்துப் பேருக்குச் செய்கிற அதே வேலையை, போட்டி விலையில், இங்கேயும் செய்து பில் போடுகிறவர் இரண்டாம் வகை. அவர் கைக்கு வருவது வேலைக்கான கூலி. அது மானியமாகவே எண்ணப்படாது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றும் அந்த விதியே சொல்கிறது.

நம் நாட்டில் இந்தப் பிரிவுக் கோட்டைப் பெரும்பாலும் மானிய ஒப்பந்தம்தான் போடுகிறது. ஆனால் அதே கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் கூரை மாற்றுகிறீர்கள், அளவு எடுத்து விலை சொன்னீர்கள், முடித்துப் பில் போடப் போகிறீர்கள். சந்தேகமே இல்லை, நீங்கள் குத்தகையாளர். இதற்கு நேர்மாறாக, இளைஞர் பயிற்சி என்று ஒரு மானியம் வருகிறது, சங்கம் மொத்தப் பணத்தையும் ஒருவரிடம் கொடுத்து "நீங்களே ஆள் பிடித்து, மண்டபம் எடுத்து, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்து நடத்திவிடுங்கள்" என்கிறது என்று வையுங்கள். அவர் தன்னைக் குத்தகையாளர் என்று சொல்லிக்கொண்டாலும் திட்டத்தையே நடத்துகிறவர் அவர்தான். யார் வந்தார்கள், எத்தனை நாள் வந்தார்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு காசுக்கும் அவர் பதில் வைத்திருக்க வேண்டும். சங்கத்துக்கு அவர் கொடுக்கும் ஒரே ஒரு மொத்த பில் போதாது.

அரசாங்க ஆடிட்டர்கள் நேராக உங்கள் கடைக்கு வர முடியுமா என்று இன்னொருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். தலைமைக் கணக்காய்வாளரின் அதிகாரம் 1957-ஆம் ஆண்டின் கணக்காய்வுச் சட்டத்தில் இருக்கிறது. தன் வேலைக்குத் தேவையான விளக்கத்தை யாரிடமும் கேட்டு வாங்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் அவருக்குத் தருகிறது. 2024-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, பொதுப் பணம் போகும் இடத்துக்கெல்லாம் பின்னால் போய்க் கணக்குப் பார்க்க வழி செய்தது. அதற்காக ஒவ்வொரு கூரை வேலைக்கும் அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து கார் வரப் போவதில்லை. ஆனால் "நான் தனியார், என் பில்லை யாரும் பார்க்க முடியாது" என்று நெஞ்சை நிமிர்த்துவது வேலைக்காகாது.

சரி, செயலாளர் கேட்ட ஆடிட் ரிப்போர்ட்டுக்கு வருவோம். உங்கள் தொழில் எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் எண்டர்பிரைஸாக, அதாவது தனியாளோ கூட்டாளிகளோ நடத்தும் தொழிலாகப் பதிவானது என்றால், அதற்குக் கட்டாய ஆடிட் என்று எதுவும் சட்டத்தில் இல்லை. இல்லாத ரிப்போர்ட்டை எங்கிருந்து கொடுப்பது? சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம் என்றால் 2016-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஆடிட் உண்டு, ஆனால் சின்ன நிறுவனங்களுக்கு விலக்கும் உண்டு. 2025-இல் தொடங்கும் நிதியாண்டுக்கு வருமானம் 1 மில்லியன் ரிங்கிட், சொத்து 1 மில்லியன் ரிங்கிட், ஆட்கள் 10 பேர் என்ற மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் நடப்பு ஆண்டிலும் முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அடங்கினால் விலக்குக் கேட்கலாம். 2026-க்கு இது 2 மில்லியன், 2 மில்லியன், 20 பேர். 2027-க்கு 3 மில்லியன், 3 மில்லியன், 30 பேர். விலக்கு வாங்கினாலும் ஆடிட் செய்யாத கணக்கை எஸ்.எஸ்.எம்.-இல் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த விலக்கு நிறுவனச் சட்டத்திலிருந்து மட்டும்தான். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் "குத்தகையாளர் ஆடிட் செய்யப்பட்ட கணக்கைத் தர வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் எஸ்.எஸ்.எம். விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. ஆகவே செயலாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "அண்ணே, எந்தப் பத்தியில் இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அந்தப் பத்தியைத் தேடும்போதுதான் அது சங்கத்தின் கணக்கைப் பற்றியது, குத்தகையாளருடையது அல்ல என்று கண்டுபிடிப்பார்கள். உங்கள் கம்பெனியின் மொத்த ஆடிட் ரிப்போர்ட்டைக் கொடுத்தாலும் அந்தக் கூரைக்கு எவ்வளவு போனது என்பது அதில் தெரியப்போவதில்லை.

சங்கத்துக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. சங்கங்கள் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆர்.ஓ.எஸ். என்ற சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் கொடுக்க வேண்டும். அதற்குக் கூட்டத்தில் தேர்ந்தெடுத்த உட்கணக்காய்வாளர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவது நம் ஊர் வழக்கம்; பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் பழைய தோட்டத்துக் கிராணியும். மானிய ஒப்பந்தத்தில் லைசென்ஸ் பெற்ற ஆடிட்டர் வேண்டும் என்று இருந்தால் அவர்கள் கையெழுத்து செல்லாது. செயலாளருக்கு இது கடைசி நேரத்தில் தெரிய வரும்போதுதான் பதற்றத்தில் எல்லாரிடமும் ஆடிட் ரிப்போர்ட் கேட்கத் தொடங்குகிறார். அவர் மேலும் தப்பில்லை, சம்பளமில்லாத வேலை.

நீங்கள் கொடுக்க வேண்டியது எதைப் பொறுத்தது என்றால், விலையை எப்படிப் பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. மொத்த விலை பேசியிருந்தால், உதாரணத்துக்கு 38,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கூரையும் கழிப்பறையும் என்றால், உங்கள் கோட்டேஷன், சங்கம் கொடுத்த வேலைக் கடிதம், இன்வாய்ஸ், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், முடிந்ததாகச் சங்கம் போட்ட கையெழுத்து, பணம் வந்ததற்கு ரிசிட். இவ்வளவு போதும். உங்களுக்கு அதில் எவ்வளவு மிஞ்சியது என்பது சங்கம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. ஆனால் "ஆன செலவுக்குத் தக்கபடி" என்று பேசியிருந்தால் கூரைக்கான ஸிங்க் தகடு வாங்கிய பில் முதல் ஆட்களின் கூலி வரை எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். எந்த முறையில் பேசியிருந்தாலும் உங்கள் பிரதியை 7 வருடம் வைத்திருங்கள். வருமான வரிச் சட்டமும் நிறுவனச் சட்டமும் அதைத்தான் கேட்கின்றன.

என் மேசைக்கு வரும் காகிதங்களின் கோலத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ஹார்ட்வேர் கடை பில்லில் பள்ளிக்கு வாங்கிய ஸிங்க் தகடு, ஆணி, பி.வி.சி. குழாய் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி வரியில் மட்டும் வெள்ளை பெயிண்ட் இரண்டு டின், கோயில் திருவிழாவுக்கு. ஒரே லோரியில் ஏற்றியதால் ஒரே பில். மானியக் கணக்கில் இந்தப் பில் வந்தால் அந்தப் பெயிண்ட் ஒன்றுக்காக முழுப் பில்லையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கடையில் நிற்கும்போதே "வேற பில் போடுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அப்புறம் அந்த வழவழப்பான ரிசிட் காகிதம். காரின் டேஷ்போர்டில் வைத்தால் ஒரு மாதத்தில் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் மஞ்சள் துண்டாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோகாப்பி எடுத்துப் பின்னால் குத்திவையுங்கள். கூலி கொடுப்பதை 555 என்ற குட்டி நோட்டுப் புத்தகத்தில் "முருகன் 3 நாள், பாய் 5 நாள்" என்று எழுதி வைத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் நினைவுக்கு அது நல்லது. ஆனால் வெளியாளுக்கு அது ஆதாரம் ஆகாது. ஆளின் முழுப்பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் எண், எத்தனை நாள், எவ்வளவு, அவர் கையெழுத்து, இவை சேர்ந்த பேமெண்ட் வவுச்சர் வேண்டும். வவுச்சர் புத்தகம் ஸ்டேஷனரிக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

இதையெல்லாம்விட ஆபத்தான ஒன்று இருக்கிறது. "பில்லை 38,000-க்குப் பதில் 50,000 என்று போடுங்கள், மிச்சத்தைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுங்கள், விளையாட்டுப் போட்டிக்கு ஆகும்" என்று யாராவது கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள், பாக்கெட்டில் போட அல்ல. செய்யாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், 18-ஆவது பிரிவு, பொய்யான ரிசிட்டையோ கணக்கையோ காட்டிப் பணம் கொடுத்தவரை ஏமாற்றுகிறவரைப் பற்றியது. அந்தக் காகிதத்தை எழுதி அவரிடம் கொடுத்தவரையும் அது விடுவதில்லை. தண்டனை 20 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம் குறைந்தது அந்தத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அது. பணம் விளையாட்டுப் போட்டிக்குப் போனது என்பது அங்கே பதிலாகாது. 2021-இல் இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் மானிய விசாரணை நடந்தபோது நிறுவன உரிமையாளர்களும் தடுத்து வைக்கப்பட்டதை நாமெல்லாரும் செய்தியில் பார்த்தோம்.

மூன்று கோட்டேஷன் விஷயமும் இதற்குப் பக்கத்து வீடுதான். சங்கம் மூன்று கம்பெனியிடம் விலை கேட்க வேண்டும் என்று இருக்கும். செயலாளர் உங்களிடமே "இன்னும் இரண்டு நீங்களே ரெடி பண்ணிக் கொடுங்கள்" என்பார். அப்படித் தயாரான மூன்று கோட்டேஷனை ஒரு முறை பார்த்தேன். மூன்று லெட்டர்ஹெட், மூன்று முத்திரை; தண்ணீர்க் காவாய்க்கான மலாய்ச் சொல்லில் மட்டும் மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. உங்கள் விலையை மட்டும் கொடுங்கள். மற்ற இரண்டையும் தேடுவது சங்கத்தின் வேலை.

கடைசியாகப் பணம் வரும் வழி. மானியம் தவணையாக வந்தால், கடைசித் தவணை சங்கம் இறுதி அறிக்கை கொடுத்த பிறகுதான் விடப்படும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். அறிக்கைக்கு ஆடிட்டர் கையெழுத்து வேண்டும், ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுக்கச் சங்கத்திடம் பணமில்லை, ஏனென்றால் விண்ணப்பத்தில் அந்தச் செலவையே போடவில்லை. உங்கள் மீதிப் பணம் அங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் எவ்வளவு அந்தக் கடைசித் தவணையைச் சார்ந்தது, ஆடிட் ஃபீஸை யார் கட்டுகிறார்கள். செயலாளர் இரண்டாவது கேள்விக்கு விழித்தால், சாமான் இறக்குவதற்கு முன்னால் முன்பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.