துணைவர் விசாவில் இருக்கும் தங்கை போலீசுக்குப் போகலாமா?

வணக்கம் அண்ணா. இங்கிலாந்தில் தங்கையைக் கணவர் அடிக்கிறார், போலீசிடம் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப் போனது.

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பும் லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் 2018இல் இதைப் பற்றித்தான் முறையிட்டன. காவல்துறையைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து அதை விசாரித்தது. விசாவில் சந்தேகம் என்பதற்காக மட்டும் வன்முறைக்கு ஆளானவரின் விவரத்தைக் குடிவரவு அதிகாரிகளுக்குக் கொடுப்பதை உடனே நிறுத்தச் சொல்லி 2020 டிசம்பரில் அறிக்கை வந்தது. ஆனால் அது பரிந்துரை, சட்டம் இல்லை.

உங்கள் தங்கை விசயம் வேறு. துணைவர் விசா காலாவதியாகாமலும் ரத்தாகாமலும் இருக்கும்வரை அவர் சட்டப்படிதான் அங்கே இருக்கிறார். "உன் விசா என் கையில்" என்று கணவர் மிரட்டினால் நம்பவே வேண்டாம். கணவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருந்து, வன்முறையால் உறவு முறிந்தால், கணவர் தயவில்லாமல் நிரந்தர வதிவிடத்துக்கு அவரே விண்ணப்பிக்கலாம்.

முதலில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247க்குப் பேசச் சொல்லுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. அடி விழும் நேரத்தில் அவசர எண் 999தான். வாய்திறக்க முடியாவிட்டால், கைபேசியில் 999ஐ அழைத்து, 55ஐ அழுத்தச் சொல்லும் குரல் கேட்டதும் அழுத்தினால் அழைப்பு போலீசுக்குப் போகும். போலீஸ் வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கட்டும். கணவரையோ அவர் வீட்டாரையோ மொழிபெயர்க்க விடவே கூடாது.

அப்புறம், கடவுச்சீட்டின் படத்தை உங்களுக்கு இன்றே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியதும் அவர் கைபேசியிலிருந்து அழித்துவிடட்டும்.