பூவரசுக் கிண்ணம் வெடித்தது ஏன்?

கேள்வி: கொல்லையில் சாய்ந்த பூவரசில் தொடை கனத்துக்கு ஒரு கிளை கிடைத்தது. குறுக்கே வட்டமாக ஒரு துண்டு அறுத்து, பச்சையாகவே உளியால் குடைந்து கிண்ணம் செய்தேன். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். மறுநாளே விளிம்பிலிருந்து நடுவரை பிளந்துவிட்டது. காய்ந்த மரத்தில்தான் செய்ய வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். காய்ந்த பூவரசைக் கையுளியால் குடைந்து பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லிவிடும். பச்சை மரம்தான் சரி. கோளாறு வட்டமாக அறுத்ததில்.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுப்புள்ளி உள்ளேயே இருக்கும் வட்டத்துண்டு அந்த இழுப்பைத் தாங்காது, எங்காவது வாய் பிளக்கும். நிழலில் வைத்திருந்தால் கொஞ்ச நாள் தள்ளி வெடித்திருக்கும், அவ்வளவுதான்.

கிண்ணத்தைவிட ஒரு சாண் நீளமாகத் துண்டு போடுங்கள். ஆப்பு அடித்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுப்புள்ளி ஓடும் பகுதியை வாச்சியால் (மண்வெட்டிபோல் வாய் குறுக்கே இருக்கும் தச்சுக் கருவி) செதுக்கித் தள்ளுங்கள். அந்தத் தட்டையான முகம்தான் கிண்ணத்தின் வாய். முதலில் உள்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம். வெளியே உருட்டிவிட்டால் பிடித்துக் குடைய இடம் இருக்காது. உள்ளே குடையும்போது நகவுளியை (நகம்போல் வாய் வளைந்த உளி) நாருக்குக் குறுக்கே ஓட்டினால் மரம் சீக்கிரம் எடுபடும். நாரோடு போகும்போது மட்டும் விளிம்பிலிருந்து அடியை நோக்கி இறக்குங்கள். கீழிருந்து மேலே தள்ளினால் நார் பிய்த்துக்கொண்டு வரும். சுவர் எங்கும் சுண்டுவிரல் கனம் இருக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துச் சுற்றி வந்தாலே எங்கே தடிப்பு என்று தெரிந்துவிடும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் மெலிந்த இடம் முந்திக் காயும், விரிசலும் அங்கே தொடங்கும்.

பாதியில் எழுந்து போக வேண்டுமா? பாலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை பூக்கும். முடித்த கிண்ணத்தை, செதுக்கிய சீவலோடு சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அவ்வப்போது சமையலறைத் தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. வாய் வட்டம் லேசாக முட்டை வடிவமாகும். அதைத் திருத்தாதீர்கள், எனக்கு அந்தக் கோணல்தான் பிடிக்கும்.

பூவரசு நல்ல தேர்வு. ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே மரத்தில் சாப்பாட்டுக் கிண்ணம் செய்தவர்கள். உணவு வைப்பதானால் பெயின்ட் கடையில் விற்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் வேண்டாம். அதில் சீக்கிரம் உலர்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்து, சில வாரம் உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் உலராது, சிக்கு வாடைதான் மிஞ்சும்.

மிச்சக் கிளை கொல்லையில் கிடந்தால் இன்றைக்கே வெட்டுமுனை இரண்டிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ தடவி நிழலில் போடுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும்.