160-ஆ, 79-ஆ? நீதிபதி பார்க்கரின் கணக்கு

வணக்கம். அமெரிக்க நீதிபதி ஐசக் பார்க்கரைப் பற்றிய கட்டுரைக்கு 160, 79 என்னும் இரு எண்களில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியே: முந்தையது அவர் விதித்த மரண தண்டனைகள், பிந்தையது உண்மையில் தூக்கிலிடப்பட்டவர்கள்.

1875-இல் அதிபர் கிராண்ட் நியமித்தபோது 36 வயதினரான அவர், ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் அமர்ந்து, அம்மாநில எல்லைக்கு அப்பால் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பிரதேசத்தின் (இன்றைய ஓக்லஹோமா) வழக்குகளையும் விசாரித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் அறுவர் தூக்கிலிடப்பட்டனர். கொலைக்குற்றம் உறுதியென நடுவர் குழு சொல்லிவிட்டால், அன்றைய கூட்டாட்சிச் சட்டப்படி வேறு தண்டனை விதிக்க அவருக்கு இடமில்லை; 1889 வரை அத்தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடும் கிடையாது. ஆகவே ‘தூக்கு நீதிபதி’ என்று தலைப்பிடுவதாயின் (என் பார்வையில் அந்தப் பட்டப்பெயர் பாதி நியாயமே) இதையும் சேர்த்து எழுதுங்கள்.