ஹாலோவீன் பண்டிகைக்கென்று தனிச் சமையல் உண்டா? சைவம் உண்பவர்கள் அதைச் சாப்பிடலாமா?

உண்டு. சைவம் உண்பவர்கள் அதில் பெரும்பாலானவற்றைத் தயக்கமின்றிச் சாப்பிடவும் செய்யலாம். ஹாலோவீன் என்றாலே கடையில் வாங்கிய மிட்டாயும் சாக்லேட்டும்தான் என்ற எண்ணம் அமெரிக்கத் திரைப்படங்களின் வழியாக நமக்கு வந்தது. அந்தப் பண்டிகை பிறந்த அயர்லாந்தில் அதற்கென்று அடுப்படியில் செய்யும் பண்டங்கள் இருக்கின்றன; அவற்றில் இறைச்சி கிடையாது. சைவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் மிட்டாய்ப் பொட்டலம்தான். பிறந்தது முதல் இறைச்சி உண்ணாதவனாகிய நான் அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கார்க் நகரத்தில் நான்கு ஆண்டுகள் வேலை நிமித்தமாக வாழ்ந்தபோது இதைத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமையலில் இறைச்சி இல்லாமற்போனதற்குத் தெளிவான காரணம் உண்டு. நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவரின் பெருவிழா. மறுநாள் நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று சொல்லி, கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் நாள். பெருவிழாவுக்கு முந்தின நாளாகிய அக்டோபர் 31தான் ஹாலோவீன்; பழைய திருச்சபை வழக்கப்படி அது சுத்தபோசன நாள். அன்று இறைச்சி கூடாது என்பதால், அறுவடை முடிந்து வீட்டில் சேர்ந்திருந்த உருளைக்கிழங்கு, கோஸ், ஆப்பிள், கொட்டை வகைகள், உலர் திராட்சை ஆகியவற்றைக் கொண்டே பெண்கள் விருந்து சமைத்தார்கள். கிறித்தவம் வருவதற்கு முன்பே அதே நாள்களில் சவ்வின் என்ற பண்டிகை அங்கே இருந்தது. கோடை முடிந்து, மேய்ச்சல் மலைகளிலிருந்து மாடுகள் வீடு திரும்பி, குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்பது நம்பிக்கை. ஆகவே அது ஒரே சமயத்தில் அறுவடை விருந்தாகவும், முன்னோரை நினைக்கும் இரவாகவும், வரப்போகும் ஆண்டுக்குக் குறி பார்க்கும் இரவாகவும் இருந்தது. இந்த மூன்றும் அந்த உணவுகளுக்குள்ளேயே இருப்பதைக் கண்டபோதுதான் எனக்கு அவற்றின்மீது உண்மையான மரியாதை பிறந்தது.

முதலில் சொல்ல வேண்டியது பார்ம்ப்ராக். உலர் திராட்சை நிறைந்த, அதிகம் இனிக்காத, ரொட்டிக்கும் கேக்குக்கும் இடைப்பட்ட ஒரு பண்டம் அது. ஐரிஷ் மொழியில் 'ப்ராக்' என்றால் புள்ளி புள்ளியாக இருப்பது என்று பொருள். துண்டு போட்டால் பழுப்பு நிறப் பரப்பில் கறுத்த திராட்சைகள் தெரிவதால் அந்தப் பெயர். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்துச் செய்வது ஒரு வகை; தேநீரில் திராட்சையை ஊற வைத்துச் செய்வது இன்னொரு வகை. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான முதிய அம்மா செய்தது இரண்டாம் வகை. பெயர் சொல்லியே கூப்பிடும்படி அவர் பலமுறை சொல்லியும், எழுபது வயதைக் கடந்தவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை என்பதால் இங்கும் அவரை வீட்டுக்கார அம்மா என்றே குறிப்பிடுகிறேன்.

அக்டோபர் 30 இரவு அவர் ஒரு பெரிய பீங்கான் கிண்ணத்தில் திராட்சைகளைக் கொட்டி, கடுந்தேநீரைப் பாலில்லாமல் காய்ச்சி ஆற வைத்து, பழுப்புச் சர்க்கரையையும் சேர்த்து ஊற்றி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைப்பார். விடிந்ததும் துணியை விலக்கிப் பார்த்தால், சுருங்கிக் கிடந்த திராட்சை ஒவ்வொன்றும் உப்பி மினுமினுக்கும். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பாகு மட்டுமே மிஞ்சியிருக்கும். அதில் மாவும் ஒரு முட்டையும் பொடித்த மசாலாவும் கலந்து, அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் அவர் செய்யும் காரியம்தான் இந்தப் பண்டத்தின் உயிர். ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து மோதிரம், நாணயம், துணித் துண்டு, உலர்ந்த பட்டாணி, சிறு குச்சி ஆகியவற்றை எடுத்து, கொதிநீரில் கழுவக்கூடியவற்றைக் கழுவி, ஒவ்வொன்றையும் எண்ணெய் ஊறாத காகிதத்தில் சுற்றி மாவுக்குள் ஒளித்து வைப்பார். இரவில் துண்டு போடும்போது மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம். நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம். துணி கிடைத்தவருக்கு வறுமை. பட்டாணி கிடைத்தவருக்கு அந்த ஆண்டில் திருமணம் இல்லை. குச்சி கிடைத்தவருக்கு மணவாழ்வில் சச்சரவு என்பது கணக்கு.

முதல் ஆண்டே என் துண்டில் நாணயம் வந்தது. காகிதத்தைப் பிரித்தபோது உள்ளே முயல் பொறித்த சிறு காசு இருந்தது. அயர்லாந்து 1971இல் தசம நாணய முறைக்கு மாறுவதற்கு முன் புழங்கிய மூன்று பென்னிக் காசு அது. அந்தக் காலத்து ஐரிஷ் நாணயங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரினம் உண்டு: ஒரு பென்னியில் குஞ்சுகளோடு கோழி, ஆறு பென்னியில் வேட்டைநாய், ஷில்லிங்கில் காளை, மூன்று பென்னியில் முயல். அது தம் தாயார் பார்ம்ப்ராக்குக்குள் வைத்த அதே காசு என்று சொல்லி, வீட்டுக்கார அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, துடைத்து, மறுபடியும் டப்பாவில் போட்டார். இப்போது அங்கே கடைகளில் விற்கும் பார்ம்ப்ராக்கில் மோதிரம் மட்டுமே இருக்கிறது, மற்றவை வழக்கொழிந்துவிட்டன. துணியும் குச்சியும் பண்டிகை நாளில் எவர் மனத்தையும் நோகடிக்கக்கூடியவை என்பதால் அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. நாணயமும் சேர்ந்து போனதில்தான் வருத்தம்.

இரண்டாவது உணவு கால்கேனன். வேக வைத்து மசித்த உருளைக்கிழங்கில் சூடான பாலும், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும், வேக வைத்த கோஸ் அல்லது கேல் கீரையும் சேர்த்துக் கிளறுவது. தட்டில் குவியலாக வைத்து, நடுவில் கரண்டியால் குழி செய்து, அதில் ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டியைப் போடுவார்கள். அது உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து ஒவ்வொரு வாயாக எடுத்து, அந்தக் குளத்தில் தோய்த்து உண்ண வேண்டும். சோற்றில் குழி செய்து ரசம் ஊற்றிக் கரை உடையாமல் சாப்பிடப் பழகிய கைக்கு அது ஒன்றும் புதிய வித்தையாக இருக்கவில்லை. இதற்குள்ளும் நாணயம் ஒளித்து வைப்பது உண்டு. மணமாகாத பெண்கள் கால்கேனனின் முதல் கரண்டியையும் கடைசிக் கரண்டியையும் காலுறைக்குள் போட்டுக் கதவில் தொங்கவிட்டால், முதலில் உள்ளே நுழையும் ஆணே கணவனாவான் என்ற வழக்கமும் முன்பு இருந்தது.

கால்கேனனைப் பற்றிப் பேசும்போது 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. ஏழைகளின் ஒரே உணவாக இருந்த பயிரைப் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரியால் வந்த நோய் அழித்ததில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களில் பெருந்தொகையினர் அமெரிக்காவுக்குப் போனதால்தான் இந்தப் பண்டிகை அங்கே வேரூன்றியது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைத்தவர்களுக்கு, அமெரிக்காவில் அதைவிடப் பெரியதும் குடைவதற்கு எளியதுமான பரங்கிக்காய் கிடைத்தது. காசல்பார் ஊருக்கு அருகில் உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய கன்னமும் சிறிய பற்களுமாக அது எந்தப் பரங்கிக்காயையும்விட அச்சமூட்டுகிறது.

கொட்டைகளும் ஆப்பிளும் இந்த இரவின் மற்ற இரு பண்டங்கள். அந்த இரவில் வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் கேட்டுக் கதவு தட்டும் பிள்ளைகள் முன்பெல்லாம் "ஆப்பிள் இருக்கிறதா, கொட்டை இருக்கிறதா" என்றுதான் கேட்பார்களாம். நான் இருந்த காலத்திலும் அக்டோபர் மாதக் கடைகளில் தோலுடன் வறுத்த நிலக்கடலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை அவர்கள் குரங்குக் கொட்டை என்று அழைக்கிறார்கள். ஆப்பிளைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கையைப் பயன்படுத்தாமல் கடிப்பதும், நீர்த்தொட்டியில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வுவதும் விளையாட்டுகள். ஆப்பிளின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு காற்று என்பதால் அது மிதக்கிறது. கார்க் நகரில் பிறந்த ஓவியர் டேனியல் மக்லீஸ், அருகில் உள்ள பிளார்னியில் தாம் கலந்துகொண்ட ஒரு ஹாலோவீன் இரவை 1833இல் ஓவியமாக வரைந்தபோது இந்த விளையாட்டுகளை அதில் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஹாலோவீனுக்குப் பிறகு வேலியோரப் பிளாக்பெர்ரிப் பழங்களை யாரும் பறிக்க மாட்டார்கள். பூக்கா என்ற குறும்புப் பேய் அவற்றின்மீது எச்சில் துப்பிவிடுகிறது என்பார்கள். பனியும் ஈரமும் பட்டு அந்தப் பருவத்தில் பழங்கள் பூசணம் பிடிப்பதால், குழந்தைகளைத் தடுப்பதற்கு அது நல்ல ஏற்பாடு.

இனி மிட்டாய். சைவர்கள் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க ஹாலோவீனின் அடையாளமான கேண்டி கார்ன், வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் என மூன்று நிறம் கொண்ட, மக்காச்சோள மணி வடிவ மிட்டாய். 1880களில் பிலடெல்பியாவில் உருவான அது, கோலிட்ஸ் நிறுவனத்தின் கையில் 'கோழித் தீவனம்' என்ற பெயரில் விற்பனையானது. விவசாயிகள் நிறைந்த நாட்டில் அந்தப் பெயர் எடுபட்டது. சர்க்கரையும் சோளப் பாகும்தான் அதன் அடிப்படை. ஆனால் பரவலாக விற்கும் கேண்டி கார்னில் ஜெலட்டின் சேர்கிறது. அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மேலே தெரியும் பளபளப்பு, பொட்டலத்தில் 'மிட்டாய்ப் பூச்சு' என்ற பொருளில் அச்சாகும் ஷெல்லாக். அது அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் அதே அரக்கு. நம் நாட்டில் ஜார்க்கண்டில் பெருமளவில் சேகரிக்கப்படும் பொருள் அது. மெல்லக்கூடிய புழு, கண், கரடி வடிவ மிட்டாய்களிலும் ஜெலட்டின் வழக்கமான சேர்மானம். ஆகவே பொட்டலத்தைத் திருப்பிச் சேர்மானங்களைப் படிக்காமல் வாங்காதீர்கள். வெறும் பால் சாக்லேட் அநேகமாகச் சிக்கலற்றது.

பானம் ஏதேனும் உண்டா என்று கேட்டால், ஈக்வடார் நாட்டில் நவம்பர் 2 அன்று அருந்தும் கொலாடா மொராடாவைச் சொல்வேன். ஊதா மக்காச்சோள மாவில் பழங்களும் பட்டையும் கிராம்பும் சேர்த்துக் காய்ச்சும், கஞ்சி போன்ற சூடான பானம் அது. குழந்தை வடிவில் சுட்ட ரொட்டியை அதனோடு தருவார்கள். அங்கேயும் அது இறந்தவர்களை நினைக்கும் நாளின் உணவுதான்.

பார்ம்ப்ராக்கை வீட்டில் செய்ய விரும்புவோருக்கு நான் மதுரையில் செய்யும் அளவைத் தருகிறேன். உலர் திராட்சை 350 கிராம், பால் சேராத கடுந்தேநீர் 300 மில்லி, நாட்டுச் சர்க்கரை 125 கிராம் ஆகியவற்றை இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் பொடித்தது ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். முட்டை உண்பவர்கள் ஒரு முட்டை சேர்க்கலாம். என் வீட்டில் அதற்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர். அச்சில் ஊற்றி, ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை வேக வேண்டும். குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. சூடாக வெட்டினால் உதிரும், ஆறிய பிறகு வெட்டி வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள். மூன்றாம் நாள் தோசைக்கல்லில் லேசாக வாட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

நாணயம் வைப்பதாக இருந்தால், உண்ண வருவோர் அனைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறு குழந்தைகளின் துண்டை நீங்களே பிட்டுப் பார்த்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில், 2011இல் செல்லாததாகிவிட்ட, காண்டாமிருகம் பொறித்த இருபத்தைந்து காசு ஒன்றைக் கொதிநீரில் கழுவி, இரண்டு சுற்றுக் காகிதத்தில் பொதிந்து வைக்கிறோம். யாருக்குக் கிடைத்தாலும் அதைத் திரும்ப வாங்கித் துடைத்து, அடுத்த அக்டோபருக்காக அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சிறு டப்பாவில் போட்டுவிடுவோம்.